மூக்கு மட்டும் வேறு

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும் அடுத்தடுத்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொந்தக்காரர்களே தடுமாறுவார்கள். கதவு ஒன்று, கூரையின் வளைவு ஒன்று, டிக்கியின் சரிவு ஒன்று, பானெட்டுக்குள் இருக்கும் இஞ்சினும் ஒன்று. கிரில், முன் பம்பர், சக்கரம், நடுவில் பதித்த முத்திரை ஆகியவற்றோடு வித்தியாசம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

2023 ஜனவரியில் இந்த உறவு ஊருக்கே தெரிந்தது. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் பழுது இருக்கலாம் என்று, 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரான 17,362 கார்களை மாருதி சுசூகி திரும்ப அழைத்தது. பலேனோவும் கிராண்ட் விட்டாராவும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே நாட்களில் தயாரான 1,390 கிளான்ஸா, ஹைரைடர் கார்களை டொயோட்டாவும் அழைத்தது. நிறுவனம் இரண்டு, அறிவிப்பு இரண்டு, பழுது ஒன்று. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்த கதை.

இன்னொருவர் வடிவமைத்த காரை வாங்கி, மூக்கை மட்டும் மாற்றித் தன் பெயரில் விற்பதை ஆங்கிலப் பத்திரிகைகள் 'பேட்ஜ் இஞ்சினியரிங்' என்கின்றன. கேட்க மரியாதையான சொல். உள்ளே இருப்பது கிண்டல். முத்திரையைக் கழற்றி மாட்டியதைத் தவிர அதில் இஞ்சினியரிங் ஏதும் இல்லை என்பதே குத்தல். பிரிட்டனில் 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆனபோது இந்த வித்தை உச்சத்துக்குப் போனது. 1962இல் வந்த ஒரே சின்னக் காரை மோரிஸ், ஆஸ்டின், எம்.ஜி., ரைலி, வுல்ஸ்லி, வாண்டன் பிளா என்று ஆறு முத்திரைகளில் விற்றார்கள். அது ஒரே வீட்டுக்குள் நடந்த பெயர் மாற்றம். நாம் பேசப்போவது நாடு தாண்டிய உறவு: அயல்நாட்டுக் கூட்டாளியின் காரை உள்ளூர்ச் சந்தைக்கு உள்ளூர்ப் பெயரில் இறக்குவது.

இதில் கேள்வி இரண்டு. வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது ஒன்று. பெயர் மாற்றி விற்ற நாடு அந்தக் காரிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டதா என்பது மற்றொன்று. நம் கார் விமர்சகர்கள் முதல் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கனமானது இரண்டாவது. அதிலிருந்தே தொடங்குவோம், அதுவும் எண்ணூரிலிருந்து.

*

ரகுநந்தன் சரண் 1948இல் தன் மகன் பெயரால் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வரும். இங்கே கோத்து, முடுக்கி, வெளியே ஓட்டுவார்கள். 1952 டிசம்பரில் ஜப்பானின் நிஸான் நிறுவனமும் அதே ஆஸ்டினிடம் அதே ஏ40 வரிசைக் காருக்கு ஒப்பந்தம் போட்டது. அதாவது இந்தப் பள்ளிக்கூடத்தில் எண்ணூர் மூத்த மாணவன், நிஸான் பின்னால் வந்து சேர்ந்த பையன்.

பின்னால் வந்தவன் என்ன செய்தான் என்பதுதான் பாடம். ஒப்பந்தக் காலம் ஏழு ஆண்டு. அதற்குள், முதல் மூன்று ஆண்டுகளிலேயே எல்லாப் பாகங்களையும் ஜப்பானில் செய்துவிட வேண்டும் என்பது இலக்கு. ஜப்பானிய அரசு இதில் பிடிவாதமாக இருந்தது. ஹில்மன் காருக்கு உரிமம் வாங்கிய இசூசுவுக்கும், பிரான்ஸின் ரெனோ 4சிவி காரைப் பூட்டிய ஹினோவுக்கும் அதே நெருக்கடிதான். 1959இல் நிஸான் டாட்சன் புளூபேர்டை இறக்கியது. 1961இல் ஹினோ சொந்தமாக ஒரு கார் செய்து அதற்குக் கான்டெஸா என்று பெயர் வைத்தது. (அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொரு கார் ஞாபகம் வரும். 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விட்ட கான்டெஸா, பிரிட்டனில் உற்பத்தி நின்றுபோன ஒரு வாக்ஸால் காரின் மறுபிறவி. பெயர் ஒன்று, கதை நேர்எதிர்.)

அசோக் மோட்டார்ஸ் 1955இல் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் போனது. அங்கே அது நன்றாகவே படித்தது, அதை மறுக்க முடியாது. கார் பக்கம் மட்டும் திரும்பவில்லை. திரும்பியபோது ஆண்டு 2013. அந்த ஜூலையில் அசோக் லேலண்ட் 'ஸ்டைல்' என்ற பெயரில் ஒரு குடும்ப வேனை அறிமுகப்படுத்தியது. அது ஒரகடத்தில் தயாரான நிஸான் எவாலியாவின் மாற்று முகம். ஆஸ்டினிடம் தனக்குப் பின்னால் வந்து சேர்ந்த பையனிடம், அறுபது ஆண்டு கழித்து மூத்த மாணவன் நோட்டுப் புத்தகத்தைக் கடன் கேட்ட மாதிரி. அந்த வேன் இரண்டே ஆண்டுகளில் காணாமல் போனது.

இதற்கு எண்ணூரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1953இல் இந்திய அரசு எடுத்த முடிவும் காகிதத்தில் பார்த்தால் ஜப்பானுடையதைப் போன்றதுதான்: பாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம். 1928 முதல் பம்பாயில் கார் பூட்டி வந்த ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது. போர்டும் போனது. மிச்சமிருந்தவர்கள் மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு. கார் என்பது பணக்காரர் பொருள் என்று அரசு கருதியது. எத்தனை செய்யலாம் என்பதற்கு உரிமம், புதிய தொழில்நுட்பம் கொண்டுவர அந்நியச் செலாவணி அனுமதி. 1980 வரைக்கும் மூவரும் சேர்ந்து ஆண்டுக்கு அரை லட்சம் கார்கூடச் செய்யவில்லை. ஜப்பானில் சுவர் எழுப்பி, உள்ளே ஏழெட்டுப் பேரை மோதவிட்டார்கள். இங்கே சுவர் எழுப்பி, உள்ளே இருந்தவர்களை உட்காரச் சொன்னார்கள். வாங்குபவர் பல ஆண்டு காத்துக் கிடக்கும்போது காரை மாற்ற யாருக்கு அவசரம்?

அதனால்தான் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை இங்கே 1957 வாக்கில் அம்பாசடர் என்ற பெயரில் பிறந்து, 2014 மே மாதம் வரை உயிரோடிருந்தது. இங்கிலாந்தில் அந்த வரிசையை 1959லேயே நிறுத்திவிட்டார்கள். பியட் 1100 கதையும் அதுவே. கூட்டாளியின் பெயர் விலகியபோது பிரீமியர் அதை முதலில் பிரசிடென்ட் என்றது, 1974இல் பத்மினி என்றது. வண்டி அதேதான், பெயர் மட்டும் சித்தூர் ராணியுடையதாயிற்று. தமிழ்நாட்டில் அந்தப் பெயரை யாரும் சட்டை செய்ததாக நினைவில்லை. ஒர்க்‌ஷாப்பிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் கடைசி வரைக்கும் அது 'பியட்'டுதான். பெயர் மாற்றம் பத்திரிகை விளம்பரத்தில் எவ்வளவு எளிதோ, மக்கள் வாயில் அவ்வளவு கடினம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

வண்டலூரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. அதை இங்கே நான்கு கதவுக் காராக மாற்றினார்கள். 1972இல் அதன் முகத்தையும் வாலையும் மாற்றி 'கெஸல்' என்று விட்டார்கள். சின்ன வேலைதான், ஆனால் சொந்த வேலை. அதே ஆலை 1985இல் செய்ததுதான் புரியாத புதிர். பிரிட்டனில் எட்டு சிலிண்டர் இஞ்சினோடு ஓடிப் புகழ்பெற்ற ரோவர் எஸ்டி1 காரின் உடலை வாங்கினார்கள். அதற்குள் வைத்ததோ நாற்பதுகளில் பிறந்த பழைய வான்கார்டு இஞ்சினின் வாரிசை. அந்த இஞ்சின் குடும்பத்தில் ஒன்று பெர்குஸன் டிராக்டரிலும் ஓடியது. பட்டுவேட்டி கட்டி, உள்ளே கிழிந்த பனியன். ஸ்டாண்டர்டு 2000 என்ற அந்த ஆடம்பரக் கார் மூன்றே ஆண்டில் முடிந்தது. வண்டலூர்க் கார் வரலாறும் அதோடு முடிந்தது.

*

ஒரே ஆசிரியரிடம் மூன்று மாணவர்கள் படித்தால் எப்படி என்று பார்க்க மிட்சுபிஷியைப் பார்க்கலாம்.

தென்கொரியாவின் ஹூண்டாய் 1968இல் போர்டு கோர்ட்டினாவைப் பூட்டித்தான் தொழிலுக்கு வந்தது. பிறகு மிட்சுபிஷியிடம் இஞ்சினை வாங்கி, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜுஜாரோவிடம் உடலை வரையச் சொல்லி, பிரிட்டிஷ் லேலண்டில் இருந்த ஜார்ஜ் டர்ன்புல்லை அழைத்து வந்து, 1975இல் போனி என்ற காரைச் செய்தது. கூட்டாளியின் காரை அப்படியே வாங்கி முத்திரை குத்துவதற்கும், பல பேரிடம் பல பொருளை வாங்கித் தானே ஒரு கார் சமைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. அடுத்த பன்னிரண்டே ஆண்டில் காட்சி தலைகீழாயிற்று: ஹூண்டாயின் எக்ஸெல் காரை மிட்சுபிஷியே 'பிரெஸிஸ்' என்று தன் முத்திரை குத்தி அமெரிக்காவில் விற்றது. 1991இல் ஹூண்டாய் தன் சொந்த இஞ்சினையும் செய்துவிட்டது.

இரண்டாவது மாணவன் மலேசியாவின் புரோட்டோன். பிரதமர் மகாதீர் முகமதின் கனவாக 1983இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் முதல் கார் சாகா, 1985 ஜூலை 9 அன்று ஷா ஆலமில் வெளிவந்தது. நம் ஊரில் மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்று சொல்லும் அந்தச் சிவப்பு விதைக்கு மலாய் மொழியில் சாகா என்று பெயர். பெயர் மலேசிய மண்ணுடையது. கார் மிட்சுபிஷி லான்சர் பியோரே. தேசியக் கார் என்று கொடியைப் போர்த்தியதும், அயல்கார்களுக்குப் போட்ட வரிச்சுவரும் சேர்ந்து, தொண்ணூறுகளில் அங்கே விற்ற கார்களில் பாதிக்கும் மேல் புரோட்டோனாக ஆக்கின. கிள்ளானிலும் ஈப்போவிலும் பல தமிழ்க் குடும்பங்களின் முதல் புதுக்கார் சாகாவாகத்தான் இருந்தது. இல்லாவிட்டால் பெரோடுவா கஞ்சில். கஞ்சில் என்றால் சருகுமான். 1994இல் வந்த அது டைஹாட்சு மிராவின் மாற்றுப்பெயர்.

புரோட்டோன் முயலவில்லை என்று சொன்னால் பொய். 1996இல் பிரிட்டனின் லோட்டஸையே வாங்கியது. அதன் துணையோடு கேம்ப்ரோ என்று சொந்த இஞ்சின் செய்தது. ஆனாலும் 2010இல் இன்ஸ்பிரா என்ற பெயரில் மறுபடி ஒரு மிட்சுபிஷி லான்சர்; 2016இல் நம் ஊரிலும் ஓடும் சுசூகி எர்டிகாவை அப்படியே எடுத்து 'புரோட்டோன் எர்டிகா'. 2017இல் சீனாவின் ஜீலி 49.9 சதவீதப் பங்கை வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்70, ஜீலி போயூவின் மலேசிய முகம். மூன்று தசாப்தம் கழித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார்கள், ஆசிரியர் மட்டும் மாறி. இதில் வேடிக்கை, பெருமை பேசாமல் டைஹாட்சுவின் சிறு கார்களைப் பெயர் மாற்றி விற்றுக்கொண்டிருந்த பெரோடுவா 2006இல் புரோட்டோனை முந்தியதுதான். முத்திரை மாற்றுவதை ஒளிக்காமல், உள்ளூர்ப் பாகங்களைக் கூட்டிக்கொண்டே, மலிவாக விற்றது. தேசியக் கனவு என்ற சுமையை அதன் தலையில் யாரும் பெரிதாக ஏற்றவில்லை.

மூன்றாவது மாணவன் நம்முடையவன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு, சாலையில் ஒரு மணி நேரத் தூரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவை இறக்கியது. மிட்சுபிஷியிடம் இஞ்சின் வாங்கிக் கார் கற்றவன் ஒரு பக்கம் சொந்தக் காரோடு. இந்தியாவின் மூத்த கார் நிறுவனம் இன்னொரு பக்கம் அதே மிட்சுபிஷியின் உரிமத்தோடு. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்கு நடுவே தொழில் வரலாறு இவ்வளவு கச்சிதமாக ஒரு ஒப்பீட்டை வைக்கும் என்று யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. லான்சரில் ஹிந்துஸ்தான் தன் முத்திரையைக் குத்தக்கூட இல்லை, மிட்சுபிஷியின் மூன்று வைரங்களையே விட்டுவைத்தது. தன் பெயருக்கு அந்த விலையில் கார் விற்கும் பலம் இல்லை என்று அதற்கே தெரிந்திருந்தது. இரவல் முத்திரையைவிடச் சோகமானது, சொந்த முத்திரையை ஒட்டவே கூசுவது.

*

இனி முதல் கேள்வி: வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

மூக்கு மட்டும் ஏன் மாறுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. கதவு, கூரை, பக்கச் சட்டம் எல்லாம் இரும்புத் தகடு. அவற்றை அழுத்தி வார்க்கும் அச்சுகளுக்குச் செலவு மிக அதிகம். பம்பரும் கிரில்லும் பிளாஸ்டிக். அச்சுச் செலவு குறைவு, மாற்றுவதும் சுலபம். ஆகவே கார் ஒப்பனை எப்போதும் முகத்தோடு நின்றுவிடும். கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஜோடியில் நடந்ததுபோல முகங்களை நன்றாகவே வேறுபடுத்தலாம். இன்னும் அதிகம் இருந்தால் அடித்தளத்தை மட்டும் பகிர்ந்துகொண்டு மேலே வேறு வேறு காரே கட்டலாம். வாங்குபவர் எவ்வளவு ஏமாறுகிறார் என்பதை இந்த அளவுகோலில் வைத்துத்தான் விமர்சகர்கள் அளக்கிறார்கள். எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை இல்லை. ஒரகடம் அதைப் பொய்யாக்கியது.

ரெனோவும் நிஸானும் சேர்ந்து ஒரகடத்தில் கட்டிய ஆலை 2010 மார்ச்சில் திறந்தது. முதலில் நிஸான் மைக்ரா, அடுத்து நிஸான் சன்னி. 2012இல் மைக்ராவை 'பல்ஸ்' என்றும் சன்னியை 'ஸ்காலா' என்றும் ரெனோ விற்க வந்தது. முகப்பூச்சு மெலிதாகத்தான் இருந்தது. இரண்டும் எடுபடவில்லை. பூச்சு மெலிது என்பதே காரணம் என்றார்கள். அப்படியானால் டெரானோவைப் பாருங்கள். ரெனோ டஸ்டரை 2013இல் நிஸான் டெரானோவாக விற்றபோது முகத்தையும் கதவுத் தகடுகளையும் உண்மையாகவே மாற்றினார்கள், விலையையும் டஸ்டரைவிடக் கூட்டினார்கள். டஸ்டருக்கு இருந்த மவுசில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. ஆழமாகச் செய்தாலும் தோற்கும், மேலோட்டமாகச் செய்தாலும் தோற்கும். காரணம் வேறெங்கோ இருக்கிறது. அன்றைக்கு இந்தியாவில் ரெனோவும் புதுசு, நிஸானும் புதுசு. இரண்டுக்கும் ஷோரூம் குறைவு. ஒரு புதியவரின் காரில் இன்னொரு புதியவரின் பெயரை ஒட்டினால் வாங்குபவருக்குப் புதிதாகக் கிடைப்பது என்ன?

கிளான்ஸாவுக்கு வருவோம். 2018 மார்ச்சில் டொயோட்டாவும் சுசூகியும் இந்தியாவில் ஒருவருக்கொருவர் கார் கொடுப்பது என்று உடன்பட்டன. சுசூகி பலேனோவையும் பிரெஸாவையும் தரும், டொயோட்டா கரோலாவைத் தரும் என்பது அன்றைய பேச்சு. கரோலா வரவேயில்லை. 2019 ஜூன் 6 அன்று 7.22 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் கிளான்ஸா வந்தபோது, 'பலேனோவுக்கு டொயோட்டா சட்டை' என்று கேலி செய்யாத கார் விமர்சகர் இல்லை. ஆனால் கேலிக்கு நடுவே ஒரு வரி தப்பிப்போனது. பலேனோவுக்கு அப்போது இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் உத்தரவாதம். கிளான்ஸாவுக்கு மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர்.

அதே இரும்பு, அதே இஞ்சின். ஒருவர் 40,000 கிலோமீட்டருக்கு வாக்குக் கொடுக்கிறார், இன்னொருவர் லட்சத்துக்குக் கொடுக்கிறார். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி காருக்கு. மறுபகுதி, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வார்கள் என்பதற்கு. ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா, சர்வீஸில் மரியாதையாக நடத்துவார்களா, ஐந்து வருடம் கழித்து விற்றால் என்ன விலை போகும்? பழைய இன்னோவா லட்சங்கள் ஓடியும் நல்ல விலைக்குப் போவதை ஊரே பார்த்திருக்கிறது. அந்த நினைவைத்தான் டொயோட்டா முத்திரை விற்கிறது. இதில் ஏமாற்று ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2024 ஜூலையில் மாருதியும் தன் உத்தரவாதத்தை மூன்று ஆண்டு, ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. இரட்டையர்களில் ஒருவருக்குக் கிடைத்த சலுகை மற்றவருக்கும் வந்துவிட்டது என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

இதே முத்திரை எதிர்த்திசையில் போகும்போது கணக்கு மாறுகிறது. 2023 ஜூலையில் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸை மாருதி 'இன்விக்டோ' என்று 24.79 லட்சத்தில் தொடங்கி விற்க வந்தது. மலிவுக்கும் மைலேஜுக்கும் பேர்போன ஷோரூமுக்குள் கால் கோடி ரூபாய்க்குக் கார் வாங்க யார் போவார்கள்? அந்த வண்டியை வாங்க நினைப்பவர் நேராக இன்னோவாவிடமே போவார். நம்பிக்கை தண்ணீர் மாதிரி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆனாலும் மாருதிக்கு இது தேவைப்பட்டது. ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி எரிபொருள் செலவையும் அரசு கணக்குப் பார்க்கிறது. 2022இல் அந்த விதி இன்னும் இறுகியது. 2020இல் டீசலை முற்றாகக் கைவிட்ட மாருதிக்கு ஹைபிரிட் வேண்டியிருந்தது, அது டொயோட்டாவிடம் இருந்தது. டொயோட்டாவின் பிடதி ஆலைக்கும் வேலை தேவைப்பட்டது. ஐரோப்பாவிலும் இதே கணக்கில்தான் டொயோட்டாவின் ஆர்ஏவி4, 2020இல் 'சுசூகி அக்ராஸ்' என்று வந்தது. பெயர் மாற்றத்துக்குப் பின்னால் புகைக்கணக்கு இருப்பது இந்தக் காலத்தின் புதுமை.

அரசே கட்டாயப்படுத்திய பெயர் மாற்றங்களும் உண்டு. அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் ஒன்றும் உருப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் ஐந்து நிறுவனங்கள் பதின்மூன்று மாடல்களைச் செய்துகொண்டிருந்ததைக் குறைக்க 1984இல் அமைச்சர் ஜான் பட்டன் ஒரு திட்டம் கொண்டுவந்தார். விளைவாக ஹோல்டன் கமடோரை டொயோட்டா 'லெக்ஸன்' என்று விற்றது, டொயோட்டா கேம்ரியை ஹோல்டன் 'அப்பல்லோ' என்று விற்றது. ஆஸ்திரேலியர்கள் சிரித்துவிட்டு அசலையே வாங்கினார்கள். அமெரிக்காவோடு வணிகத் தகராறு முற்றிய நாட்களில், 1996இல், ஷெவர்லே கவலியரை டொயோட்டா தன் முத்திரையோடு ஜப்பானில் விற்கப் பார்த்தது, 2000இல் கைவிட்டது. வீட்டார் கட்டிவைத்த கல்யாணத்துக்கும் கொஞ்சமாவது மனம் வேண்டும் போலிருக்கிறது.

*

ஒரு கார் எத்தனை பெயரில் ஓடலாம் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் எம்.ஜி. ஹெக்டர். சீனாவில் பாவ்ஜுன் 530, இந்தோனேசியாவில் வூலிங் அல்மாஸ், தாய்லாந்தில் ஷெவர்லே கேப்டிவா என்ற பெயர்களில் அது வந்தது; இந்தியாவில் 2019 ஜூன் முதல் எம்.ஜி. ஹெக்டர். ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன குஜராத் ஹலோல் ஆலையில்தான் அதைச் செய்கிறார்கள். 1924இல் ஆக்ஸ்போர்டில் பிறந்த எம்.ஜி. என்ற பெயர் 2007 முதல் ஷாங்காயின் சாய்க் நிறுவனத்துக்குச் சொந்தம். இந்திய விளம்பரத்துக்கு ஆங்கில நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்சைக் கொண்டுவந்தார்கள். 2024இல் வூலிங் கிளவுட் மின்காருக்கு இங்கே வைத்த பெயர் 'விண்ட்ஸர்', பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கோட்டையின் பெயர்.

மற்ற பெயர் மாற்றங்களில் எனக்கு வராத உறுத்தல் இங்கே வருகிறது. கிளான்ஸாவில் டொயோட்டா என்று எழுதியிருந்தால், பதில் சொல்லப்போவது உண்மையிலேயே டொயோட்டா. ஹெக்டரிலும் ஹலோல் நிறுவனம் பதில் சொல்கிறது, காரும் மோசமில்லை, விற்பனையும் நன்றாகவே இருந்தது. ஆனால் முத்திரை காட்டும் ஊர் வேறு, கார் பிறந்த ஊர் வேறு. 2020இல் எல்லைத் தகராறுக்குப் பிறகு சீனப் பொருள் என்றாலே முகம் சுளித்த நாட்டில் இந்த ஆங்கிலப் போர்வை எவ்வளவு உதவியது என்பதை விற்பனைப் பிரிவில் இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். இலங்கையில் இதையே கூச்சமில்லாமல் செய்தார்கள்: சீன ஜீலி பாண்டாவை 'மைக்ரோ பாண்டா' என்றும், கொரிய சாங்யோங் ரெக்ஸ்டனை 'மைக்ரோ ரெக்ஸ்டன்' என்றும் உள்ளூர் நிறுவனமான மைக்ரோ விற்றது. அசலின் பெயரிலேயே பாதியை விட்டுவைத்த நேர்மை அதில் இருந்தது.

கற்றல் என்ற பழைய கேள்விக்கும் இப்போது வேறு விடை கிடைக்கிறது. 2016இல் வந்த விட்டாரா பிரெஸா, மாருதியின் இந்தியப் பொறியாளர்கள் முன்னின்று உருவாக்கிய கார். 2020 செப்டம்பரில் டொயோட்டா அதை வாங்கி 'அர்பன் குரூஸர்' என்று விற்றது. அதே மாதம் இந்தியாவில் தயாரான பலேனோ, தென்னாப்பிரிக்காவில் 'டொயோட்டா ஸ்டார்லெட்' ஆனது. குஜராத்தின் ஹன்சல்பூரில் செய்யும் சுசூகியின் மின்கார் டொயோட்டா முத்திரையோடு ஐரோப்பாவுக்குப் போகிறது. முத்திரை ஜப்பானுடையது, லாபத்தில் பெரும்பங்கும் அங்கேதான் என்பது உண்மை. ஆனாலும் எவாலியாவுக்கு வேறு மூக்கு மாட்டி விற்ற நாட்டிலிருந்து ஒரு கார் வேறொருவர் மூக்கோடு வெளியே போவது, எழுபது ஆண்டுக் கணக்கில் சின்ன வரவு இல்லை.

திருவள்ளூர் ஆலையில் லான்சர் நின்றது, பிறகு கொஞ்ச காலம் இசூசு வண்டிகள் தயாராயின. 2017 பிப்ரவரியில் பிரான்ஸின் பெஜோ குழுமம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸிடமிருந்து அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அச்சு இல்லை, இஞ்சின் இல்லை, உத்தர்பாரா ஆலை இல்லை; பெயர் மட்டும். அந்தக் குழுமத்தில் இருந்த சிட்ரோயனின் கார்கள் 2021 முதல் அதே திருவள்ளூரில் தயாராகின்றன. அவற்றில் ஒன்றின் பின்புறத்திலும் அம்பாசடர் என்ற எழுத்து இதுவரை ஏறவில்லை.